அம்பை நடைவண்டியும் கிலுகிலுப்பையும்: எந்த மாசத்துல எது வாங்கலாம்

முதல்லயே சொல்லிடுதேன், அம்பைன்னு நாங்க சொல்லுற அம்பாசமுத்திரத்து மர நடைவண்டி நல்ல சாமான், தாராளமா வாங்கலாம், ஆனா புள்ள எதையாவது புடிச்சு தானா எந்திரிச்சு நிக்க ஆரம்பிச்ச பெறவு தான் வாங்கணும், அதுக்கு முன்னாடி வாங்குனா மூலைல தான் கிடக்கும். இன்னொண்ணு, வட்டமா நடுவுல துணி சீட்டு வச்சு சுத்திவர சக்கரம் போட்ட பிளாஸ்டிக் பேபி வாக்கர் இருக்கு பாருங்க, அதை எந்த மாசத்துலயும் வாங்காதிய. ரெண்டையும் நடக்கப் பழக்குற வண்டின்னு சொல்லி ஒரே கடையில பக்கத்துல பக்கத்துல வச்சு விக்காவ. ஒண்ணுல புள்ள வண்டியைத் தள்ளுது, இன்னொண்ணுல வண்டி புள்ளைய தூக்கிட்டுப் போவுது. இந்த வித்தியாசத்தை எல்லா அம்மாமாரும் தெரிஞ்சுக்கணும்னு தான் இவ்வளவு நீளமா எழுதுதேன்.

எம் மவளுக்கு இப்ப பதினோரு மாசம் முடிஞ்சு பன்னெண்டு நடக்கு. பேறுகாலத்துக்கு கல்லிடைக்குறிச்சில எங்க அம்மா வீட்டுக்குப் போயி அஞ்சு மாசம் அங்க தான் இருந்தேன், அப்புறம் பாளையங்கோட்டைல எங்க பிளாட்டுக்கு வந்தாச்சு, இருந்தாலும் லீவு கிடைச்சா உடனே அங்க ஓடிடுவோம், ஆச்சிக்கு கொள்ளுப்பேத்தியைப் பாக்காம இருக்க முடியல. அதனால இந்தச் சாமான் எல்லாத்தையும் பழைய வீட்டு சிமிண்டுத் தரையிலயும் பார்த்தாச்சு, பிளாட்டு டைல்ஸ்லயும் பார்த்தாச்சு, ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், அதைப் பெறவு சொல்லுதேன்.

அம்பைல சொப்பு சாமான் கடை நிறைய உண்டு, திருநெல்வேலி டவுன்ல நெல்லையப்பர் கோயில் பக்கத்துக் கடைகள்லயும் கிடைக்கும், ஆனித் தேரோட்டத்துக்குப் போனா இன்னும் ஜாஸ்தி பாக்கலாம். நாங்க போனது அம்பைல வீட்டோட சேர்த்து கடசல் பட்டறை வச்சிருக்கிற ஒரு அண்ணாச்சிகிட்ட, போர்டு எல்லாம் கிடையாது, வாசல்ல மரத்தூள் குமிஞ்சு கிடக்கும், அது தான் அடையாளம். கடையுறதை கண்ணால பார்த்துட்டு வாங்குனதுல எனக்கு ரொம்பத் திருப்தி. மோட்டார்ல மரம் சுத்திக்கிட்டே இருக்கு, உளியை வச்சு உருவம் கொண்டு வந்த பெறவு கலர் அரக்குக் குச்சியை எடுத்து சுத்துற மரத்து மேல அமுக்குதாவ, அந்த உரசுற சூட்டுலயே அரக்கு உருகி மரத்துல ஒட்டிக்கிடுது, பிரஷ்ஷும் கிடையாது பெயிண்டு டப்பாவும் கிடையாது. சிவப்பை வச்சுட்டு மஞ்சக் குச்சியை எடுத்தாவ, நான் கண்ணை இமைக்கதுக்குள்ள ஒரு மஞ்ச வளையம் விழுந்துட்டு. முன்னாடி மஞ்சக்கடம்பு மரத்துல தான் செஞ்சாவளாம், இப்ப கிடைக்கிற மரத்துல செய்யுதோம்னு அவிய மறைக்காம சொன்னாவ.

ஆனா ஒண்ணு, அம்பை சாமான்னு சொல்லி விக்கிற எல்லாமே அரக்குச் சாமான் இல்ல. சிலதுல சாதா பெயிண்டு அடிச்சு விக்காவ. வாங்கும்போது கேளுங்க, கேட்டா மட்டும் போதாது, ஒரு வெள்ளைத் துணியை நனைச்சு நல்லா அழுத்தித் தேச்சுப் பாருங்க, கலர் இறங்குனா வச்சுட்டு வந்திடுங்க. வயசு ஒண்ணு ஆகாத புள்ளைக்கு எந்த பொம்மையும் முதல்ல வாய்க்குத் தான் போவும், கண்ணுக்கு பெறவு தான். ஐஎஸ்ஐ முத்திரை இல்லியேன்னு எங்க வீட்டுக்காரவ கேட்டாவ, நியாயமான கேள்வி தான், 2021 ஜனவரி 1ல இருந்து பொம்மைக்கு அந்த முத்திரை கட்டாயம், ஆனா பதிவு பண்ணுன கைவினைஞர்கள் செய்யுற சாமானுக்கு அதுல விலக்கு உண்டு. அதனால தான் இந்த மாதிரி பட்டறைல முத்திரை இருக்காது, நாம தான் கையால தடவி, ஆட்டி, மோந்து பார்த்து வாங்கணும்.

நாங்க முதல் தடவை போகும்போது பாப்பாவுக்கு அஞ்சாம் மாசம். கிலுகிலுப்பை எடுத்தாச்சு, எங்க அம்மா நடைவண்டியும் ஒண்ணு எடுத்துடுவோமேன்னு கேட்டாவ. புள்ளைக்கு எத்தனை மாசம்னு கேட்டாவ அண்ணாச்சி. அஞ்சுன்னதும், "இப்ப எதுக்கும்மா? புள்ள கட்டில் காலைப் புடிச்சு தானா எந்திரிச்சு நிக்கட்டும், அப்ப வாங்க, வண்டி எங்கயும் போவாது"ன்னு சொல்லி அனுப்பிட்டாவ. வந்த யாவாரத்தை வேண்டாம்னு சொன்ன மனுஷர். அந்த ஒரு வார்த்தைக்காகவே இந்தக் கடைக்கு நான் முழு மார்க்கு குடுப்பேன், ஏன்னா மெடிக்கல் ஷாப்புலயும் பெரிய பேபி ஷாப்புலயும் இதையெல்லாம் யாரும் கேக்கது கிடையாது, டப்பாவுல 6 மாசம்னு போட்டிருந்தா எடுத்து பில்லு போட்டுருவாவ.

கிலுகிலுப்பையைப் பத்தி தனியா சொல்லணும், அது எங்களுக்கு ஒரு அளவுகோலு மாதிரி ஆயிட்டு. மூணாம் மாசம் வரைக்கும் மரக் கிலுகிலுப்பை வேண்டாம், கனம் ஜாஸ்தி, புள்ள ஆட்டும்போது அதும் மூஞ்சிலயே அடிச்சுக்கிடும். அந்த மாசங்களுக்கு எங்க அக்காவுக்கு பெரியாஸ்பத்திரில பேறுகாலம் ஆனப்ப குடுத்த பெட்டகத்துல இருந்த லேசான கிலுகிலுப்பையே போதும்னு இருந்துட்டு. அம்மா குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகம்னு 2015ல ஆரம்பிச்சது, 16 சாமான் இருக்கும், அதுல இது ஒண்ணு. அதை பக்கத்துல ஆட்டுனா பாப்பா கண்ணு சத்தம் வர்ற பக்கம் மெதுவா திரும்பும், கையில வச்சா செத்த நேரம் புடிச்சுட்டு விட்டுடும். மரக் கிலுகிலுப்பை வந்த பெறவு தான் உண்மையான கூத்து. அஞ்சாம் மாசம் தானா கையை நீட்டி வாங்குனா, நேரா வாய்க்கு. ஆறு முடிஞ்சு ஏழுல ஒரு கையில இருந்து இன்னொரு கைக்கு மாத்துனா, இது பாக்க சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா ரெண்டு கையும் சேர்ந்து வேலை செய்யப் பழகிட்டுன்னு அர்த்தம். எட்டு ஒம்பதுல தரையில ஓங்கி அடிச்சு சத்தம் கேக்கது, கீழ போட்டுட்டு எங்க விழுந்துச்சுன்னு எட்டிப் பாக்கது. அதே சமயத்துல துண்டுக்கடியில ஒளிச்சு வச்சா துண்டை இழுத்துட்டு எடுக்கா, அதுக்கு ஒரு மாசம் முன்னாடி ஒளிச்சா அது இல்லன்னே விட்டுடுவா, கண்ணுல படாட்டாலும் சாமான் அங்க தான் இருக்குன்னு மூளைக்கு இப்ப தான் புரியுது. இப்ப பதினோரு மாசத்துல என்ன செய்யுதான்னா, சொப்புக்கு குடுத்த பனையோலைப் பெட்டி இருக்குல்ல, அதுக்குள்ள கிலுகிலுப்பையைப் போடுதா, எடுக்கா, போடுதா, எடுக்கா, நாள் பூரா இதே சோலி. ஒரே ஒரு சாமான், பத்து பொம்மை வேலையைப் பார்த்துருக்கு. உங்க கிலுகிலுப்பைல உள்ளுக்குள்ள மணி இருந்தா மூட்டு கழண்டு வராம இருக்கான்னு மட்டும் ரெண்டு கையாலயும் திருகிப் பாருங்க.

சொப்பு செட்டை சொல்லிட்டேன்ல, அதை இப்பவே புள்ள கையில குடுத்துடாதிய. அம்மி, குழவி, சின்ன டம்ளர்னு எல்லாம் தொண்டைல சிக்குற சைஸ். மூணு வயசுக்கு மேல தான் அது. எங்க வீட்டுல ஓலைப் பெட்டி மட்டும் பாப்பாகிட்ட, உள்ள இருந்த சொப்பு எல்லாம் அலமாரிக்கு மேல.

விரல் பழக்கத்துக்கு பொம்மையே தேவையில்ல. ஒம்பது மாசத்துக்குப் பெறவு கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து பொறுக்க ஆரம்பிக்குங்க, அப்ப நல்லா ஊறுன அவல்ல நாலே நாலை எடுத்து தட்டுல போட்டு விட்டுட்டு பக்கத்துலயே உக்காந்து பாருங்க, ஒவ்வொண்ணா பொறுக்கி வாயில வைக்கும், முதல்ல முழுக் கையால வாரும், பெறவு தான் ரெண்டு விரலு வரும்.

அடுத்தது பாய். பத்தமடைக்காரி ஒருத்தி எங்கூட வேலை பாக்கா, அவ சொல்லி தான் வாங்குனேன். கல்யாணத்துக்கு பேரு நெய்ஞ்சு வாங்குற பட்டுப் பாய் இல்ல, சாதா கோரைப் பாய், கொஞ்சம் தடிமனா. பாப்பாவை குப்புறப் போட்டுப் பழக்குறதுக்கு மெத்தையை விட இது நூறு மடங்கு நல்லது. மெத்தைல கையை ஊணுனா அமுங்கும், புள்ளைக்கு எக்க முடியாது. பாயில முழங்கைக்கு புடி கிடைக்கும். முழிச்சிருக்கும்போது மட்டும், பக்கத்துல ஆள் இருக்கும்போது மட்டும் குப்புறப் போடணும், தூங்கும்போது மல்லாக்கத் தான் போடணும், இதை டாக்டரம்மா முதல் மாசமே கண்டிச்சு சொல்லிட்டாவ. முதல்ல ஒரு நிமிஷத்துல அழுதா, விட்டு விட்டுப் பழக்குனோம், நாலு மாசத்துல தலை நல்லா நின்னுட்டு, பெறவு ஒரு நாளு தானா பொரண்டு குப்புற விழுந்தா, எங்க வழக்கப்படி அம்மா கொழுக்கட்டை அவிச்சு வளவு பூரா குடுத்தாவ. ஆன்லைன்ல விக்கிற ஏ பி சி டி போட்ட ரப்பர் பாயும் மதினி வாங்கித் தந்தாவ, அதுல பாப்பா எழுத்தைப் பிச்சு கடிச்சுத் துப்பிட்டா, எடுத்து உள்ள வச்சாச்சு. கோரைப் பாய்லயும் குறை உண்டு, ஓரத்துல கோரை பிரிஞ்சா புள்ள அதை இழுத்து வாயில வைக்கும், ஓரம் துணி வச்சுத் தச்சதா பார்த்து வாங்குங்க, மூத்திரம் போனா உடனே தொடச்சு வெயில்ல போடணும், இல்லாட்டி நாத்தம் போவாது.

இப்ப அந்த பேபி வாக்கர் கதைக்கு வாறேன். எங்க பெரியப்பா பாசமா வாங்கிட்டு வந்தாவ, லைட்டு எரியும், பாட்டு பாடும், முன்னால தட்டு எல்லாம் வச்சு. பாப்பாவுக்கு அப்ப ஏழு மாசம். வாங்கிட்டு வந்தவிய மனசு நோவக்கூடாதுன்னு சிரிச்சு வாங்கி வச்சோம், உக்கார வைக்கல. ஏன்னா எங்க வளவுலயே ஒரு புள்ளைக்கு நடந்ததை நாங்க பார்த்திருக்கோம், பட்டாசல்ல, அதான் ஹால்ல, வாக்கர்ல உக்கார வச்சுட்டு அவிய அம்மா அடுக்களைல பால் பொங்குதுன்னு திரும்புனது தான், புள்ள காலால ஒரு எத்து எத்துச்சு, வண்டி தார்சாவைத் தாண்டி வாசப்படில மூஞ்சி குப்புற. நெத்தில தையல். அந்த அம்மா கவனமில்லாதவ கிடையாது, வாக்கர்ல புள்ள போற வேகத்துக்கு பெரியவங்களால ஓடிப் புடிக்க முடியாது, அது தான் விஷயம். கனடால 2004 ஏப்ரல்ல இருந்து இந்த வாக்கரை விக்கவே கூடாதுன்னு தடை போட்டிருக்காவ. அமெரிக்காவுல 1990ல இருந்து 2014 வரைக்கும் வாக்கர்ல அடிபட்டு எமர்ஜென்சிக்கு வந்த பதினஞ்சு மாசத்துக்கு உட்பட்ட புள்ளைய 2,30,000க்கும் மேல, அதுல பெரும்பங்கு படியில உருண்டு விழுந்தது. நம்ம ஊரு வீடு பூரா படி தான்.

அடி படுறது ஒரு பக்கம். சீக்கிரம் நடக்கும்னு சொல்லி வாங்குதாவ பாருங்க, அதுவே பொய். அயர்லாந்துல 190 புள்ளைகள வச்சு செஞ்ச ஆய்வு 2002ல வந்துச்சு, மொத்தமா 24 மணி நேரம் வாக்கர்ல இருந்ததுக்கு தனியா நடக்கது 3 நாளுக்கு மேல பின்னால போயிருக்கு. காரணம் யோசிச்சா நமக்கே புரியும். வாக்கர்ல புள்ள உக்காந்துட்டு தான் இருக்கு, ஒடம்பு பாரத்தை சீட்டு தாங்குது, நுனிக்காலால எத்துனா போதும், இடுப்பும் முதுகும் தொடையும் ஒரு வேலையும் செய்யல. தட்டு மறைக்கதுனால தன் காலு எங்க வைக்கோம்னு கூட அதுக்குத் தெரியாது. விழாம நிக்கதுக்கு எப்படி ஒடம்பை சரிக்கட்டணும்னு எங்க படிக்கும்? பெரியப்பாகிட்ட இதைப் பக்குவமா எடுத்துச் சொன்னேன், அவியளே, "சரிம்மா, அப்ப வேண்டாம், புள்ளைக்கு எது நல்லதோ அதைச் செய்யி"ன்னுட்டாவ. பெரியவிய சொன்னா கேப்பாவ, சொல்லுற விதம் தான்.

நடைவண்டி இதுக்கு நேர் எதிர். பாப்பா ஒம்பது முடிஞ்சு கட்டிலைப் புடிச்சு நிக்க ஆரம்பிச்ச பெறவு மறுபடி அம்பைக்குப் போனோம். முக்கோணச் சட்டம், முன்னால ஒத்தைச் சக்கரம், பின்னால ரெண்டு, கைப்பிடி பாப்பா நெஞ்சு உசரம், கைப்பிடில கோத்த மூணு உருளை தள்ளும்போது சுத்தும். சக்கரத்துல கடகடன்னு ஒரு சத்தம் வரும், பாப்பா எங்க இருக்கான்னு அடுக்களைல இருந்தே தெரியும், எனக்கு அது பெரிய நிம்மதி. விலை அறுநூத்திச் சொச்சம், பேரம் பேசல, கைவேலைக்கு அது குறைச்சல் தான்.

சிமிண்டுத் தரையில இது அருமையா ஓடுது. தரை சொரசொரப்பா இருக்கதுனால சக்கரம் மெதுவா உருளும், புள்ள அடி எடுத்து வைக்கதுக்கு டயம் கிடைக்கும். பிளாட்டுக்கு கொண்டு வந்தா டைல்ஸ்ல வண்டி வழுக்கிட்டு முன்னால ஓடிடுச்சு, கையைப் புடிச்சபடியே பாப்பா நீட்டமா விழுந்துட்டா, நல்லவேளை நான் பின்னாலயே இருந்தேன். அதுக்கு ஆச்சி போன்லயே வழி சொன்னாவ, "ஏளா, முன் சட்டத்துல ஒரு ரெண்டு படி அரிசியைப் பையில போட்டுக் கட்டு, வண்டி கனத்தா தான் புள்ளைக்கு தாங்கல் கிடைக்கும்"னு. துணியால சக்கரத்தைச் சுத்தி ஒரு கட்டு கட்டுனேன், அரிசிப் பையை முன்னால வச்சேன், அப்புறம் பிரச்சினை இல்ல. புள்ளைக்கு நிதானம் வந்த பெறவு அரிசியைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கலாம். டைல்ஸ்ல சாக்ஸ் போட்டு விடாதிய, வெறுங்கால் தான், பாதம் தரையைத் தொட்டு புடிக்கணும்.

இந்த வண்டில எனக்குப் பெரிய குறையாப் படுறது ஒண்ணு உண்டு. கைப்பிடி பின் சக்கரத்துக்கு நேர் மேல வருது. அதனால தரையில உக்காந்திருக்கிற புள்ள கைப்பிடியைப் புடிச்சு இழுத்து எந்திரிக்கப் பார்த்தா வண்டி அப்படியே பின்னால அதும் மேலயே சாயுது. தள்ளும்போது சாயாது, இழுக்கும்போது தான். செய்யுறவிய பின் சக்கரத்தை ஒரு நாலு விரக்கடை பின்னால தள்ளி வச்சாவன்னா இந்தக் குறை தீர்ந்துடும், அண்ணாச்சிகிட்டயும் சொன்னேன், அடுத்த தடவை அப்படி ஒண்ணு செஞ்சு பாக்கேன்னாவ. அது வரைக்கும் புள்ள எந்திரிக்கும்போது நம்ம கால் ஒண்ணு முன் சட்டத்துல இருக்கணும். இன்னொண்ணு, இது வளையாது. நேரா போயி செவுத்துல முட்டும், முட்டுனதும் பாப்பாவுக்குக் கோவம் வரும், ஆன்னு கத்துவா. நாங்க முதல்ல திருப்பி விட்டோம், பெறவு விட்டுப் பார்த்தோம், இப்ப அவளே வண்டியை ஒரு பக்கமா இழுத்துத் திருப்பப் பாக்கா, பாதி தான் வருது, ஆனா யோசிக்கா. அந்த யோசனைக்காகவே நான் ஓடிப் போயி உதவுறது இல்ல. அச்சுல கிரீச்னு சத்தம் வந்தா ரெண்டு சொட்டு தேங்காயெண்ணெய் போதும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்னு கேப்பிய. புள்ள கேக்குற நேரம், பெரியவிய பக்கத்துல இருக்குற நேரம், அவ்வளவு தான். மீதி நேரம் தரையில தவழட்டும், கட்டிலைப் புடிச்சு பக்கவாட்டுல நடக்கட்டும்.

இப்ப மாசக் கணக்கு. பக்கத்து வீட்டுல பார்க்கிற ஒவ்வொருத்தரும் "இன்னுமா நடக்கல? எம் பேரன் ஒம்பதுலயே ஓடுனான்"னு சொல்லி சொல்லி தான் இந்த வாக்கர் யாவாரமே நடக்கு. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட அஞ்சு நாட்டுப் புள்ளைகள வச்சு 2006ல ஒரு கணக்கு வெளியிட்டிருக்கு. தாங்கல் இல்லாம உக்காரது 3.8 மாசத்துல இருந்து 9.2 மாசத்துக்குள்ள. கையும் முட்டும் ஊணித் தவழுறது 5.2ல இருந்து 13.5. தனியா நடக்கது 8.2ல இருந்து 17.6 மாசம் வரைக்கும். பாருங்க எவ்வளவு பெரிய இடைவெளின்னு. எட்டுல நடந்த புள்ளையும் சரி, பதினேழுல நடந்த புள்ளையும் சரி, ரெண்டும் நல்ல புள்ள தான். அதுல 4.3 சதவீதம் புள்ளைய கையும் முட்டும் ஊணித் தவழவே இல்ல, சிலது உக்காந்தபடியே நகரும், சிலது நேரா எந்திரிச்சு நின்னுடும். அமெரிக்காவுல எந்த மாசத்துல புள்ள என்ன செய்யணும்ங்கிற பட்டியலை 2022ல மாத்துனப்ப தவழுறதையே எடுத்துட்டாவ.

நம்ம பிள்ளைத்தமிழ்ல பத்துப் பருவம் வச்சிருக்காவ, அதுவும் மாசக் கணக்குத் தான். செங்கீரை அஞ்சாம் மாசம், கையைத் தரையில ஊணி தலையை நிமுத்தி ஆடுறது. சப்பாணி ஒம்பதாம் மாசம், ரெண்டு கையையும் சேர்த்துத் தட்டுறது. முத்தம் பதினொண்ணு. வாரானை பன்னெண்டு பதிமூணுல, வா வான்னா தளர்நடை போட்டு வாறது. ஆம்பளப் புள்ளைக்குப் பாடுறதுல கடைசிப் பருவம் சிறுதேர், சின்னத் தேரை உருட்டி விளையாடுறது. பிள்ளைத்தமிழ் பாடுன குமரகுருபரர் நம்ம ஸ்ரீவைகுண்டத்துக்காரர், படிக்கும்போது பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணுனது, பாப்பா பாயில கையை ஊணி தலையைத் தூக்குனப்ப தான் எனக்கு விளங்குச்சு, புள்ளைய உக்காந்து உத்துப் பார்த்தவங்க தான் இதை எழுதிருக்க முடியும்.

ஆனா இடைவெளி பெருசா இருக்குன்னு சொல்லி ஒண்ணையும் கண்டுக்காம இருக்கவும் கூடாது. ஆஸ்பத்திரில குடுக்குற தாய் சேய் நல அட்டைல எந்த மாசத்துல என்ன செய்யணும்னு படம் போட்டே இருக்கு, முக்காவாசிப் பேரு தடுப்பூசித் தேதியை மட்டும் பார்த்துட்டு மூடி வச்சுடுதோம். ஒம்பது மாச ஊசிக்குப் போனப்ப எங்க நர்சம்மா பாப்பாவைக் கீழ உக்கார வச்சு, பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்து, என்ன சத்தம் போடுதான்னு கேட்டு எழுதுனாவ. நம்ம அண்டை ஊரு திருவனந்தபுரத்துல உருவாக்குன ஒரு சார்ட்டும் உண்டு, ரெண்டு வயசு வரைக்கும் மொத்தம் 17 விஷயம் தான், புள்ளையோட மாசத்துல ஒரு பென்சிலை நட்டுக்குத்தா வைக்கணும், பென்சிலுக்கு இடது பக்கம் முழுசா இருக்கிறதை எல்லாம் புள்ள செய்யணும், செய்யலன்னா டாக்டரைப் பாக்கணும். அவ்வளவு லேசு.

மூணு மாசமாகியும் முகத்தைப் பார்த்து சிரிக்கல, அஞ்சாகியும் தலை நிக்கல, ஒம்பது தாண்டியும் தாங்கல் இல்லாம உக்கார முடியல, பாபா தாத்தான்னு ஒரு சத்தமும் வரல, பேரு சொன்னா திரும்பல, ஒரு கையை மட்டும் உபயோகிச்சு இன்னொரு கையை மூடியே வச்சிருக்கு, ஒடம்பு துணி மாதிரி துவண்டோ கட்டை மாதிரி வெறச்சோ இருக்கு, செஞ்சுட்டு இருந்ததை திடீர்னு விட்டுட்டு, இதுல எது இருந்தாலும் அடுத்த மாசம் பாப்போம்னு இருக்காதிய. ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம், சுருக்கமா ஆர்பிஎஸ்கேன்னு 2013ல வந்த அரசுத் திட்டத்துல இப்படிப்பட்ட புள்ளைகளுக்குன்னே மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையம் வச்சிருக்காவ, செலவு கிடையாது, உங்க பகுதி நர்சம்மாகிட்ட கேட்டா அனுப்பி வைப்பாவ. குறை மாசத்துல பொறந்த புள்ளைக்கு கணக்கு வேற, எங்க அக்கா மவன் ரெண்டு மாசம் முந்திப் பொறந்தவன், அவனுக்கு எல்லாத்துலயும் ரெண்டு மாசத்தைக் கழிச்சுட்டுத் தான் பாக்கணும்னு டாக்டர் சொன்னாவ. அது தெரியாம அக்காவை ஊரு சனம் படுத்துன பாடு கொஞ்சநஞ்சம் இல்ல. இப்ப அவன் ஓடுற ஓட்டத்துக்கு எங்களால புடிக்க முடியல.

எம் மவ இன்னும் தனியா நடக்கல. வண்டியைத் தள்ளிட்டு பட்டாசல் இந்த மூலைல இருந்து அந்த மூலை வரைக்கும் போவா, வண்டியை விட்டுட்டு செத்த நேரம் நிப்பா, பெறவு பொத்துன்னு உக்காந்துடுவா. டாட்டா காட்டுதா, வேணும்ங்கிறதை விரல் நீட்டிக் காட்டுதா, தெரியாத ஆள் வந்தா என் கழுத்தைக் கட்டிக்கிடுதா. டாக்டரம்மா எல்லாம் சரியா இருக்குன்னுட்டாவ. யாரும் அவசரப்படுத்த வேண்டாம்னு வீட்டுல எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கேன்.

வாங்கப் போறவிய கவனிக்க வேண்டியது: வண்டியைத் தலைகீழா கவுத்துப் பாருங்க, சக்கரத்துக்கு அடிச்ச ஆணி முனை வெளிய துருத்திட்டு இருக்கக் கூடாது, எங்களுதுல ஒண்ணு இருந்துச்சு, காட்டுனதும் அங்கயே மடக்கித் தேச்சுக் குடுத்தாவ. சட்டத்து விளிம்பை விரலால நீவிப் பாருங்க, சிலாம்பு இருந்தா உப்புத்தாள் போடச் சொல்லுங்க. கைப்பிடி புள்ள நெஞ்சுக்கும் இடுப்புக்கும் நடுவுல வரணும், அதனால முடிஞ்சா புள்ளையையும் கூட்டிட்டே போங்க, நிக்க வச்சு அளவு பார்த்து வாங்கலாம். கனமான வண்டியா எடுங்க, லேசான வண்டி விலை குறைச்சலா இருக்கும், ஆனா சாயும். நடைவண்டிக்கு அஞ்சுக்கு நாலு, அந்த பின் சக்கரத்துக்காக ஒண்ணு குறைச்சிருக்கேன். கிலுகிலுப்பைக்கு அஞ்சுக்கு அஞ்சு. கோரைப் பாய்க்கு நாலு. பிளாஸ்டிக் வாக்கருக்கு மார்க்கே கிடையாது.